23ஆம் தேதி விருந்துக்கு மேசை அலங்காரம்: 7, 8ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது தலைமையாசிரியருக்கு இப்படியொரு கடிதம் தேவையா என்று கேட்காதீர்கள். 7, 8ஆம் வகுப்புகளுக்கு 22ஆம் தேதி காலையோடு கடைசிப் பரீட்சை முடிகிறது. நான் கேட்கும் வேலை அன்று சாயங்காலத்துக்கு உரியது. அதுவரை பிள்ளைகள் புத்தகத்தையே பார்க்கட்டும்.

23ஆம் தேதி மதியம் நம் பள்ளி அலுவலகத்தாருக்கு விடுமுறை விருந்து வைக்கிறோம். எழுத்தர்கள் இருவர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், வளாகம் கூட்டும் அம்மா, சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று எட்டுப் பேர். அவர்கள் வீட்டாரையும் சேர்த்தால் முப்பது இலை விழும். அன்று ஒரு நாள் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஆசிரியர்கள் நாங்கள் பரிமாறுவோம். சாப்பாட்டுச் செலவும் எங்களுடையது. பெற்றோரிடம் ஒரு ரூபாய்கூட வசூல் கிடையாது. யாராவது கேட்டால் நேரே என்னிடம் வந்து சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான். மேசை நடுவே வைக்க ஒரு சின்ன அலங்காரம். இரண்டு வகுப்பிலும் சேர்த்து 60 பேர். ஆறு பேருக்கு ஒரு குழு, ஆக பத்துக் குழு. ஒரே தெருப் பிள்ளைகளாகப் பார்த்து வகுப்பாசிரியர்கள் பிரித்திருக்கிறார்கள். ஒரு குழு மொத்தமாகச் செலவு செய்யக் கூடியது 30 ரூபாய். தலைக்கு ஐந்து ரூபாய். அதற்கு மேல் போனால் அந்த அலங்காரத்தை நான் மேசையில் வைக்க மாட்டேன். இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், காரணம் இருக்கிறது.

சென்ற ஆண்டு, சிறந்த மூன்றுக்குப் பரிசு என்று காலை வணக்கத்தில் அறிவித்தேன். அது என் தப்பு. மறுநாளே பிள்ளைகளுக்குப் பதில் அப்பாக்கள் போட்டியில் இறங்கிவிட்டார்கள். ஃபேன்சி ஸ்டோர் பிளாஸ்டிக் ரோஜா, ஜிகினாத் தூள், தெர்மாக்கோலில் வெட்டிய மாளிகை என்று வந்து குவிந்தன. ஒன்றுக்கு மட்டும் 650 ரூபாய் ஆனதாகக் கேள்விப்பட்டேன். மாளிகை இரண்டு அடி உயரம். அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த காவலர் ஐயாவும் இந்தப் பக்கம் உட்கார்ந்த எழுத்தரும் குனிந்து குனிந்து பேசிக்கொண்டார்கள். மின்விசிறியைப் போட்டதும் ஜிகினா பறந்து ரசத்தில் விழுந்தது.

மேசையில் விரிக்க ஒரு சுருள் பிளாஸ்டிக் தாளும் நல்லெண்ணத்தோடு ஒருவர் அனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாக்கோல் தட்டு, தெர்மாக்கோல் குவளை எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. வகுப்பில் அதைப் பாடமாக நடத்திவிட்டு ஆபீஸ் ரூமில் விரிக்க முடியுமா? சுருளைத் திருப்பி அனுப்பினேன். அவருக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான்.

அன்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெறுங்கையோடு நின்றாள். கேட்டதற்கு, செய்யவில்லை சார் என்றாள். சரி, விட்டுவிட்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்து, அரிசி இருப்புப் பார்க்கச் சத்துணவுக் கூடத்துக்குப் போனபோது உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சி இருந்தது. எண்ணெய் தேய்த்துக் கறுகறுவென்று இருந்தது. உள்ளே மண், மண்ணில் செருகிய பூளைப்பூ. ஆறு மாதத்தில் ஒரு இணுக்கு உதிரவில்லை. சமையல் செய்யும் அக்காதான் சொன்னார்: விருந்துக்கு மறுநாள் கூட்டும்போது பெஞ்சுக்கு அடியில் கிடைத்ததாம். மற்றவர்கள் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் தன்னுடையதை ஒளித்து வைத்திருக்கிறாள். மாளிகை அதற்குள் ஸ்டோர் ரூமில் எலி கடித்துத் தூளாகிவிட்டிருந்தது.

அதனால் இந்த ஆண்டு பரிசு கிடையாது. பத்தும் மேசை ஏறும்.

இனி அளவு. இரண்டு டெஸ்க்கை எதிரெதிரே சேர்த்தால் ஒரு மேசை. பக்கத்துக்கு மூன்று வாழையிலை. இலை போக நடுவில் மிஞ்சுவது முக்கால் அடி. அதனால் அகலம் ஒரு சாணைத் தாண்டக் கூடாது. உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. முழங்கையை மேசையில் ஊன்றி முஷ்டியை உயர்த்தினால் எட்டும் இடத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். எதிரில் இருப்பவர் முகம் தெரியாவிட்டால் அது அலங்காரம் இல்லை, தடுப்புச் சுவர்.

என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொட்டாங்குச்சியிலிருந்தே தொடங்கலாம், எல்லா வீட்டிலும் இருக்கிறது. தேங்காயை உடைத்தால் கண் உள்ள மூடி, கண் இல்லாத மூடி என்று இரண்டு கிடைக்கும். தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடக் கண் இல்லாத மூடிதான் ஆகும். கண் மூடியில் ஊற்றினால் சாப்பாடு முடிவதற்குள் இலையில் ஒழுகும். கண் மூடியைத் தூக்கிப் போட வேண்டாம், மண்ணோ மணலோ நிரப்பிக் காய்ந்த பூ செருக அது சரியாக இருக்கும். வெளி நாரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கண்ணாடிச் சில்லால் சுரண்டுவது நம் காலத்துப் பழக்கம், பிள்ளைகளிடம் அதைக் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் தேய்த்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பாலிஷ் போட்டது போல மின்னும். உப்புத்தாள் ஒன்று வாங்கிக் குழுவே பகிர்ந்துகொள்ளலாம். 30 ரூபாயில் கணக்கு வருவது அநேகமாக அது ஒன்றுதான்.

கொட்டாங்குச்சி மேசையில் ஆடும். அதற்குப் பானை வைக்கிற மாதிரி ஒரு பிரிமணை வேண்டும். வீட்டில் அப்பாருவோ ஆத்தாவோ இருந்தால், வைக்கோலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று திரிக்கச் சொல்லிக் கொடுங்கள். திரித்துக் கொடுக்க வேண்டாம், சொல்லிக் கொடுத்தால் போதும். கோணலாக வந்தால் கோணலாகவே வரட்டும். பெரியவர் கை பட்டதா, பிள்ளை கை பட்டதா என்பது பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

பூவுக்கு மார்க்கெட் போக வேண்டாம். பனிக்காலத்தில் மல்லிகை விளைச்சல் சுருங்கிவிடும். சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது மார்கழியில் புதிதல்ல. விலை இருக்கட்டும், ரசத்துக்குப் பக்கத்தில் மல்லிகை வாசனை எனக்குச் சரிப்படாது. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கிறோமே, அந்தப் பூளையும் ஆவாரையும் வாய்க்கால் ஓரத்திலும் தரிசிலும் கிடைக்கும். பூளை காய்ந்தாலும் வெள்ளை மாறாது. காம்பவுண்டுச் சுவர்க் காகிதப்பூவும் அப்படியே, வாடினாலும் நிறம் நிற்கும். ஆனால் லேசானது, தனியாகத் தூவினால் விசிறிக் காற்றில் இலைக்கு வந்துவிடும். நீரில் மிதக்க விடுங்கள். செண்டுமல்லியைக் காம்பை ஒட்ட வெட்டி விட்டால் தட்டையாக மிதக்கும். பூசணிப்பூ வாசல் கோலத்துக்குத்தான் அழகு, மதியத்துக்குள் சுருண்டுவிடும். காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாலு சோளக்கதிர், நாலு கம்புக்கதிர் கொண்டுவந்தால் அதுவே போதும், பூவே வேண்டாம்.

காம்போடு வைக்கிற பூவை 23 காலையில் வெயில் ஏறும் முன் பறித்து, காம்பைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் போட்டு நிழலில் வையுங்கள். தண்ணீருக்குள் முங்கும் இலைகளை உருவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுகி நாறும்.

பறிக்கக் கூடாததைப் பெரியவர்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். இதை மட்டும் பிள்ளைகள் பொறுப்பில் விடாதீர்கள். அரளி பார்க்க அழகு. ஆனால் பூ, இலை, காம்பு எல்லாமே விஷம், சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சாலையோரம் கொத்துக் கொத்தாக வெள்ளையாகப் பூத்து நிற்கும் பார்த்தீனியத்தைப் பூளை என்று நினைத்துச் சில பிள்ளைகள் அள்ளிவிடுவார்கள், தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். வாய்க்காலில் தண்ணீர் போகும் நேரம் என்பதால் தனியாக அனுப்பவும் வேண்டாம்.

தென்னங்குருத்தை யாரும் வெட்ட வேண்டாம். ஒரு கிளி பின்ன மரத்தின் குருத்தில் கை வைப்பது நியாயமில்லை, பச்சைக் கீற்றில் நாலு ஓலை எடுத்தாலே கிளி வரும். கரும்புத் துண்டு, வெல்லம் வேண்டாம், பரிமாறுவதற்கு முன்பே எறும்பு பந்தியில் உட்கார்ந்துவிடும். மெழுகுவர்த்தி, அகல் விளக்கும் வேண்டாம். விசிறியை நிறுத்த முடியாது, பக்கத்தில் வைக்கோல் இருக்கிறது.

செய்ய நேரமில்லை, வேலைக்குப் போய் இரவுதான் திரும்புகிறோம் என்கிற வீடுகள் நிறைய. அந்தப் பிள்ளைகள் குழுவில் வேறு யார் வீட்டிலாவது உட்கார்ந்து செய்யட்டும். 23ஆம் தேதி காலை 9 மணிக்கு ஏழாம் வகுப்பறையைத் திறந்து வைக்கிறோம், அங்கே வந்தும் செய்யலாம். உப்புத்தாளும் மணலும் நானே வாங்கி வைத்திருப்பேன். ஒன்றும் கொண்டுவராமல் வந்தாலும் சரி, இரண்டு கை இருந்தால் போதும். 11 மணிக்கு மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பலாம். விடுமுறை அப்போதே தொடங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. விருந்து முடிந்ததும் அந்தப் பத்தையும் அலுவலகத்தார் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், எதுவும் திரும்பி வராது. ஆகவே அழகாக இருக்கிறதே என்று பாட்டியின் பித்தளைச் சொம்பு, வெண்கல உருளி எதையும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஜனவரியில் அதைத் தேடிக்கொண்டு நீங்களும் வருவீர்கள், பதில் சொல்ல நானும் நிற்க வேண்டியிருக்கும். சமையல் அக்கா மட்டும் தனக்கு எது வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்: பூளைப்பூ வைத்தது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்