ரீடிங் எடுக்க வருபவரோடு ஒரு வயர்மேனையும் அனுப்புங்கள்

தமிழ்நாடு எரிசக்தித் துறைக்கும் மின்வாரிய அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மதுரையில் இருபத்திரண்டு வருடமாக வீட்டு வயரிங் வேலை பார்த்து வருகிறேன். வெயில் காலத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணே, மீட்டர் வேகமா ஓடுது, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மீட்டரில் கோளாறு இருக்காது. கரண்டைத் தின்கிற பொருள் வீட்டுக்குள்தான் இருக்கும்.

போன சித்திரையில் ஒரு மாடி வீடு. வாடகைக்குக் குடியிருக்கும் அக்கா, தையல் வேலை. ஏசி கிடையாது, ஆனாலும் இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் வந்திருந்தது. 500-ஐத் தாண்டியதால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலையும் அவருக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தேன். லைட், ஃபேன், டிவி எல்லாம் அணைந்த பிறகும் மீட்டரின் சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டியது. மிச்சம் இருந்தது ஃபிரிட்ஜ்தான். அதன் கதவிடுக்கில் ஒரு துண்டு செய்தித்தாளை வைத்து மூடி இழுத்தேன், பிடிப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. ரப்பர் போய்விட்டதால் குளிர் கசிந்து, கம்ப்ரஸர் கட் ஆஃப் ஆகாமல் ராப்பகலாக ஓடியிருக்கிறது. 120 வாட் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்தில் 170 யூனிட்டுக்கு மேல் போகும்.

அப்புறம் மூன்று ஃபேன். மூன்றுமே காயில் எரிந்து, மறுபடி கம்பி சுற்றிக் கட்டியவை. சுவரில் இருந்த பழைய பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டால் சூடாக இருந்தது. வேகத்தைக் குறைத்து வைத்தால் கரண்ட் மிச்சமாகும் என்று அவர் நம்பியிருந்தார். மிச்சமாக வேண்டியதில் பெரும்பகுதி அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபிரிட்ஜ் ரப்பரை மாற்றினோம். ஃபேனை மாற்ற அவரிடம் பணம் இல்லை. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தினமும் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம், மூன்றுக்கு 120. போட்ட பணம் திரும்ப வந்துவிடும் என்று அவருக்கும் தெரிகிறது. ஆனால் ஒரு ஃபேனுக்கு மூவாயிரம் ரூபாயை முதலில் எடுத்து வைக்க வேண்டுமே!

நான் உங்களிடம் கேட்பது இதைத்தான். 2001-ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி, மின்சாரம் அதிகம் செலவாகும் பெரிய ஆலைகளுக்கு எரிசக்தித் தணிக்கை, அதாவது கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் சோதனை, கட்டாயம். வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் தேவையில்லை. கூப்பிட்டால் வந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆளும், மாற்றுவதற்குக் கொஞ்சம் மானியமும் இருந்தால் போதும். மாடியில் சோலார் போட்டால் மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம், அந்த வேலையும் நான் செய்கிறேன். ஆனால் அதற்குச் சொந்த மாடி வேண்டும். தையல் அக்காவுக்கு மாடி ஏது?

அதனால் இந்த மானியத்தை மின் இணைப்பின் சர்வீஸ் நம்பரோடு கட்டிவிடாதீர்கள், ரேஷன் கார்டுக்குக் கொடுங்கள். சர்வீஸ் நம்பர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஃபேன் குடியிருப்பவருடையது, வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போவார். 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை ரேஷன் கார்டுக்குக் கொடுத்த அரசுக்கு இது முடியாத காரியம் இல்லை. முழுப்பணமும் தர வழியில்லை என்றாலும் பரவாயில்லை. கேரள மின்வாரியம் குண்டு பல்பை வாங்கிக்கொண்டு எல்இடி கொடுத்து, விலையை கரண்ட் பில்லோடு தவணையாக வசூலித்தது. மூவாயிரத்தை அப்படிப் பிரித்தால் எங்கள் ஆட்கள் கட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, பழையதைக் கண்டிப்பாகத் திரும்ப வாங்கி உடைத்துவிடுங்கள். ஒரு வீட்டில் கழித்துப்போட்ட ஃபிரிட்ஜ், செகண்ட் ஹேண்டில் கைமாறி, அடுத்த தெருவில் இன்னும் ஏழையான வீட்டில் ஓடுவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒரே ஃபிரிட்ஜைக் கழற்றிய வீட்டிலும் மாட்டிய வீட்டிலும் நான் நின்றிருக்கிறேன். புதிது வாங்க மானியம் கொடுத்துப் பழையதை விட்டுவிட்டால், அந்த கரண்ட் செலவு ஏழை வீட்டின் தலையில்தான் விடியும்.

கோடை இரவுகளில் தேவை எகிறும்போது நீங்கள் வெளிச்சந்தையில் விலை கொடுத்து மின்சாரம் வாங்குகிறீர்கள். இந்தப் பழைய ஃபேன்கள் விடிய விடிய ஓடுவதும் அதே இரவுகளில்தான்.

ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டு வாசலுக்கும் வருகிறார். திடீரென்று யூனிட் ஏறிய வீடு எது என்று முதலில் தெரிவதும் அவருக்குத்தான். ஐடிஐ படித்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், பயிற்சி கொடுத்து அவரோடு அனுப்புங்கள். ஒரே ஒரு பிரிவு அலுவலகத்தில், மாசி மாதத்திலேயே, வெயில் ஏறுவதற்கு முன் தொடங்கிப் பாருங்கள். மதுரையில் தொடங்குவதாக இருந்தால் முதல் நூறு வீடுகளுக்கு வயரைக் கவ்வி கரண்டை அளக்கும் என் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு கூலி வாங்காமல் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன், மதுரை