தம்மாமில் என் வீட்டுக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி

சவூதியில் தம்மாம் நகரில் டிரைவர் வேலை பார்த்து, அங்கே காணாமல் போயிருந்த என் வீட்டுக்காரர் உயிரோடு பரமக்குடி வந்து சேர்ந்துவிட்டார். முறிந்த கால் எலும்பு ஒன்றுசேர இன்னும் நாளாகும். மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறார், பிள்ளைகளோடு பேசுகிறார். அவருக்காக அலைந்தவர்களில் பலரை நான் நேரில் பார்த்தது கூட இல்லை.

முதல் நன்றி ரூமில் கூடத் தங்கியிருந்த கடலூர் தம்பிக்கு. இவர் ராத்திரி வரவில்லை, போன் சுவிட்ச் ஆஃப் என்றதும் விடிந்தவுடன் எனக்குச் சொல்லிவிட்டார். வீட்டில் பதறுவார்களே என்று மறைத்திருந்தால் எத்தனையோ நாள் வீணாகியிருக்கும். பெட்டியில் இருந்த பாஸ்போர்ட் நகலையும் இக்காமா (சவூதியில் தங்குவதற்கான அட்டை) நகலையும் படமெடுத்து அனுப்பியதும் அவர்தான். அதற்கப்புறம் யாரிடம் பேசினாலும் முதலில் கேட்டது அந்த எண்களைத்தான்.

வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகாரைப் பதிந்து தந்தது என் நாத்தனார் மகன். ஜித்தாவில் துணைத் தூதரகம் இருந்தாலும் அது மேற்குப் பகுதிக்கு, தம்மாமுக்கு ரியாத் தூதரகம்தான் என்று சரியாகப் பார்த்துப் போட்டான். திங்கட்கிழமை குறைதீர் நாளில் என் மனுவை வாங்கிய ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் அம்மா, அதை அயலகத் தமிழர் நலத் துறைக்கு அனுப்பியதோடு, "இக்காமா நம்பரை ஃபேஸ்புக்கில் போடாதீங்க, ஆள் கிடைச்சுட்டார்னு பணம் கேட்டா கொடுக்காதீங்க" என்று எச்சரித்தார். சொன்னபடியே அப்படி ஒரு போன் வந்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் தாலியை அடகு வைத்தாவது அனுப்பியிருப்பேன்.

தம்மாமில் சமூக சேவை செய்யும் அந்த மலையாளி அண்ணனுக்கு என்ன சொல்ல? கஃபீல், அதாவது இவரை வேலைக்கு எடுத்த முதலாளி, ஹுரூப் போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்த்தார். ஓடிப்போனதாகப் பதிந்துவிட்டால் தேடப்படும் ஆளாகிவிடுவாராமே. அது இல்லை. நாடு கடத்தப்படுபவர்களை வைத்திருக்கும் தர்ஹீலில் விசாரித்தார், அங்கும் இல்லை. அப்புறம் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். சவக்கிடங்கிலும் பார்த்திருக்கிறார், எனக்கு அப்போது சொல்லவில்லை.

கடைசியில் அவருக்குத் தோன்றியது: "பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கே, அதைச் சொல்லிக் கேட்டா என்ன?" கேட்டார். என் மாமனார் பெயரில், நினைவில்லாமல் ஒருவர் படுத்திருந்தார். சாலை விபத்து. தமிழ்நாட்டுக்காரர் யாரைத் தேடினாலும் இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

கஃபீலிடம் பேசி எக்ஸிட் (நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி) வாங்கி, இந்தியச் சமூக நல நிதியிலிருந்து டிக்கெட் போட்டு அனுப்பிய தூதரக ஊழியர்களுக்கும், இவரைத் துடைத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. சாலையில் கிடந்தவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஆம்புலன்ஸ் எண்ணான 997-க்கு அழைத்தவர் ஒரு பாகிஸ்தானி டிரைவர் என்கிறார்கள். பெயர் யாருக்கும் தெரியவில்லை. தம்மாமில் இருப்பவர்கள் அவரை அறிந்தால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். இவர் அவரிடம் பேச வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.