காய்ச்சல் விட்டது, மாத்திரையை விடவில்லை

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று காலை மகள் தன்னைவிடப் பெரிய தலையணை ஒன்றை இழுத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தாள். நான்கு நாட்களுக்கு முன் மலேரியாக் காய்ச்சலில் என் தோளைவிட்டு இறங்க மறுத்தவள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் ஓடி வந்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு இல்லை. நன்றியை மட்டும் சுடச்சுடச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, எங்கள் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் அக்காவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பல் முளைக்கும் காய்ச்சல்தான் என்று நான் வாதாடிக்கொண்டிருந்தபோதே அவர் மலேரியா பரிசோதனை அட்டையைப் பிரித்துவிட்டார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், 15 நிமிடக் காத்திருப்பு, இரண்டாவது கோடு. மலேரியாதான். அதன் பிறகு என் வாதம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மகளின் எடையைப் பார்த்து, ஆறு மாத்திரைகள் கொண்ட ஓர் அட்டையைக் கொடுத்தார். மூன்று நாட்களுக்கு, வேளைக்கு ஒன்று. முதல் மாத்திரையைக் கரண்டித் தண்ணீரில் கரைத்து அவரே புகட்டினார். மணி மாலை நான்கு. வேலை முடிந்தது, கிளம்பிவிடுவார் என்று நான் வாசல்வரை போய்விட்டேன். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். “அரை மணி நேரம் இருக்கிறேன், தம்பி” என்றார். பார்க்க வேண்டிய வீடுகள் இன்னும் எத்தனையோ அவருக்கு இருந்தன.

இருபதாவது நிமிடத்தில் மகள் எல்லாவற்றையும் வாந்தியெடுத்துவிட்டாள். “இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்” என்று சொல்லி, பையிலிருந்த வேறொரு அட்டையிலிருந்து மாத்திரை எடுத்துக் கரைத்து மீண்டும் கொடுத்தார். மறுபடியும் அரை மணி நேரம் உட்கார்ந்தார். அவர் போயிருந்தால் வாந்தியைத் துடைத்துவிட்டு, ஒரு வேளை முடிந்தது என்று நான் கணக்கில் எழுதியிருப்பேன்.

அந்த இரண்டாவது அரை மணியில்தான் அவர் அதைக் கேட்டார். “நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நான் போன பிறகு என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.”

புரிந்ததா என்று கேட்டிருந்தால் புரிந்தது என்றிருப்பேன். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் தலையாட்டி வந்திருக்கிறேன். இவரோ தேர்வைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். வெட்கமில்லாமல் சொல்லத் தொடங்கினேன், வரிசையாகத் தப்பு. காலையும் மாலையும் என்றேன். முதல் மாத்திரைக்கும் இரண்டாவதற்கும் எட்டு மணி நேரம்தான் இடைவெளி, எனவே அடுத்தது இன்று நள்ளிரவு, அதன் பிறகுதான் காலையும் மாலையும் என்று திருத்தினார். வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, பால் குடித்ததும் கொடுங்கள் என்றார். காய்ச்சல் நின்றதும் நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னபோதுகூட அவர் சிரிக்கவில்லை. “காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை விடக்கூடாது. ரத்தத்தில் மிச்சமிருக்கும் கிருமி மறுபடியும் பெருகும்.” பிறகு முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மூன்றாவது முறைதான் தேறினேன்.

இரண்டாம் நாள் மாலை உடம்பு குளிர்ந்துவிட்டது. அட்டையில் இரண்டு மாத்திரைகள் மீதி. அடுத்த முறைக்கு ஆகும் என்று எடுத்து வைக்கக் கை நீண்டது, உண்மையாகவே நீண்டது. என் வாயாலேயே சொல்லிக் காட்டிய பாடம் அதைத் தடுத்தது. கொசுவை ஒழிப்போம் என்ற சுவர் விளம்பரத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எட்டு மணி நேரத்தையும் அரை மணி நேரத்தையும் எந்தச் சுவரும் எனக்குச் சொன்னதில்லை.

மற்றவர்களுக்கும் நன்றி. நள்ளிரவில் என்னை எழுப்பிவிட்ட எதிர்வீட்டுக்காரர், பெரியவனைத் தன் பிள்ளைகளோடு படுக்கவைத்துக்கொண்டவர், கிழிந்த கொசுவலையைத் தைத்துப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் செருகிக் காட்டிய பாட்டி, எந்த நேரத்திலும் கிளம்பத் தயாராக வண்டியை வாசலில் நிறுத்தி வைத்திருந்தவர். ஒவ்வொருவருக்கும் தனியாக வந்து சொல்வேன்.

தூக்கம் வராத இரவொன்றில் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில், காய்ச்சலை அடையாளம் கண்டு வீட்டிலேயே உடனே மலேரியா மருந்து கொடுக்கத் தாய்மார்களுக்குத் தாய்மார்களே கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 40 சதவீதம் குறைந்ததாக 2000ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கிறார்கள். மருந்து பழையதுதான். கொடுக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை கூடியது, அவ்வளவுதான். 2023இல்கூட உலகில் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறு குழந்தைகள். படித்ததும் எழுந்துபோய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

இனி வாரத்தில் ஒரு நாள் அக்காவோடு வீடு வீடாகப் போவதென்று முடிவு செய்திருக்கிறேன். கேட்டதும் அவர் சம்மதிக்கவில்லை. “மாத்திரையை நம்பாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிக் காட்டுங்கள்” என்றார். வலிப்பு, பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாவது என்று மூன்றைச் சொன்னேன். நான்காவது வரவில்லை. எழுப்பினாலும் எழாத தூக்கம். குழந்தை அசந்து தூங்குகிறது என்று நாம் நிம்மதியாக இருந்துவிடும் தூக்கம். சனிக்கிழமை திரும்பவும் கேட்பாராம்.