ஒரு வீடு, ஓர் ஊர்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே மழைக்கு நடுவில் குறுவை அறுத்து, நெல்லை ரோட்டில் காயவைத்து, ஒருவழியாகக் கொள்முதலுக்குப் போட்டாயிற்று. சம்பா நட்டு 20 நாள் ஆகிறது. வேர் பிடித்துப் பச்சை கட்டிவிட்டது. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தையல் வேலை தீபாவளி வரைக்கும் ஓயாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "56 வயசில் இங்கிலீஷ் கிராமர் எதுக்குடி?" என்று எழுதியிருந்தாய். எதிர்வீட்டுக் குட்டிதான் காரணம். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார், அம்மா நடவுக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஆடி மாதம் ஒருநாள் தமிழில் வீட்டுப்பாடம்: 'ஒரு' எங்கே வரும், 'ஓர்' எங்கே வரும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஓர், மற்றதற்கு ஒரு. ஒரு வீடு, ஓர் ஊர். ஒரு மாடு, ஓர் ஆடு. சொல்லிக்கொடுத்துவிட்டு ரவிக்கைக்கு ஹெம்மிங் பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் பையைக் குடைந்து வேறொரு புத்தகத்தை எடுத்து, "பெரியம்மா, இது எங்க இங்கிலீஷ் புக்கிலயும் இருக்கே" என்று நீட்டினாள். 'ஏ கவ்', 'ஆன் ஆக்ஸ்'. ஊசியை அப்படியே துணியில் குத்திவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு இதை யாராவது சொன்னார்களா? ஏ, இ, ஐ, ஓ, யூ என்று ஐந்து எழுத்தை மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். அதை நம்பித்தானே 'ஏ அவர்' என்றும் 'ஆன் யுனிவர்சிட்டி' என்றும் எழுதி அடி வாங்கினோம்! எழுத்து எதுவாக இருந்தாலும் காதில் விழுகிற முதல் ஒலிதான் கணக்கு. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார், பெரும்பாலும் சந்தேகம் தீர்ந்துவிடும். மணி நேரத்துக்குச் சொல்கிற 'அவர்' உயிரில் தொடங்குகிறது, அதனால் 'ஆன் அவர்'. 'யுனிவர்சிட்டி' யகரத்தில் தொடங்குகிறது, அதனால் 'ஏ யுனிவர்சிட்டி'. 'ஒன்' என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாம் ஒகரம் போட்டு எழுதினாலும் ஒலி 'வன்' என்றுதான் வரும். அதனால் 'ஏ ஒன் ருபீ காயின்'.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நான் அவளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லித்தருகிறேன், அவள் இங்கிலீஷ் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறாள். ராத்திரி சமையல் முடிந்ததும் அரை மணி நேரம் நானே நோட்டில் எழுதிப் பார்க்கிறேன்.

ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டே ஒப்பித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வேற்றுமை உருபுதான் எனக்கு இப்போது கை கொடுக்கிறது. 'மாடு புல்லைத் தின்றது' என்றாலும் 'புல்லை மாடு தின்றது' என்றாலும் தின்றது மாடுதான். புல்லோடு அந்த 'ஐ' ஒட்டிக்கொண்டிருக்கிறவரை சொல் எங்கே நின்றாலும் பொருள் மாறாது. இங்கிலீஷில் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு இல்லை. 'தி கவ் ஏட் தி கிராஸ்' என்பதில் இரண்டையும் இடம் மாற்றினால் புல் மாட்டைத் தின்றுவிடும். பந்தி இலையில் எதை எங்கே வைப்பது என்று முறை இருக்கிறதே, அந்த மாதிரி அவர்களுக்கு நிற்கிற இடம்தான் உருபு. ஒரு காலத்தில் இங்கிலீஷிலும் உருபுகள் நிறைய இருந்து, போகப் போகத் தேய்ந்துவிட்டன. 'ஹி' அவன், 'ஹிம்' அவனை என்பதெல்லாம் அதில் மிஞ்சியவை.

எனக்கு அதிக நாள் பிடித்தது காலம்தான். 'தண்ணீர் வருகிறது' என்கிறோம். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் வருஷா வருஷம் குடமுருட்டி ஆற்றில் வருவதற்கும் அதே சொல், இந்த நிமிஷம் வீட்டு வாய்க்காலில் வந்துகொண்டிருப்பதற்கும் அதே சொல். இங்கிலீஷில் முதலாவதுக்கு 'வாட்டர் கம்ஸ்', இரண்டாவதுக்கு 'வாட்டர் இஸ் கமிங்'. அதனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் வழக்கமா, இப்போதா என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, 'இது என் வீடு' என்பதில் நமக்கு வினைச்சொல்லே கிடையாது. அந்தப் பழக்கத்தில் நானும் குட்டியும் 'திஸ் மை ஹவுஸ்' என்றே எழுதிக்கொண்டிருந்தோம். அந்த 'இஸ்' இல்லாமல் அவர்களுக்கு வாக்கியம் நிற்காது.

இப்போது சொல்லப்போவதைக் கண்டுபிடித்த அன்று உனக்கு உடனே போன் போட வேண்டும் போல இருந்தது. 'ஐ டிட் நாட் வென்ட்' தப்பு, 'ஐ டிட் நாட் கோ' சரி. ஏன் என்று கேட்டதற்கு அந்த வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தாரே, அதேதான். பதில் நம் வாயிலேயே இருந்திருக்கிறது வசந்தி. போனேன் என்கிறோம். இல்லை என்று சொல்ல வரும்போது 'போனவில்லை' என்கிறோமா? போகவில்லை என்றுதானே சொல்கிறோம். 'இல்லை' வந்து சேர்ந்ததும் 'போன' போய் 'போக' ஆகிவிடுகிறது. அங்கேயும் 'டிட் நாட்' வந்ததும் 'வென்ட்' போய் 'கோ' ஆகிறது. குட்டியிடம் "போனவில்லைன்னு சொல்லுவியா?" என்று கேட்டேன். அன்றைக்குப் பிறகு அவள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. இந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது நமக்குச் சொல்லியிருந்தால், இங்கிலீஷில் தேறாமல் போனதோடு படிப்பே போதும் என்று நாம் இரண்டு பேரும் நின்றிருப்போமா? எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

நம் வலங்கைமானில் 1869இல் பிறந்தவர்தான் சீனிவாச சாஸ்திரி. வெள்ளைக்காரர்களே மெச்சிய இங்கிலீஷ் அவருடையது. பக்கத்துக் கும்பகோணத்தில், அரசு கல்லூரியில் படித்த ராமானுஜனோ இங்கிலீஷ் கட்டுரையில் தேறாமல் உதவித்தொகையையே இழந்தார். கணக்கில் அவரை மிஞ்ச ஆள் உண்டா? நமக்கு மூளை இல்லை என்று அந்த மார்க்கைப் பார்த்து நாமே முடிவு கட்டினோமே, அதை இனிமேல் சொல்லாதே.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்கள் மேல் பாவமாக இருக்கிறது. நாம், நாங்கள் இரண்டுக்கும் சேர்த்து 'வி' என்ற ஒரே சொல்தான் வைத்திருக்கிறார்கள். உன்னைச் சேர்த்துச் சொல்கிறேனா, விட்டுவிட்டா என்பது அதில் தெரியவே தெரியாது.

நீயும் ஒரு நோட்டுப் போடு. உன் பேரனின் பழைய புத்தகம் இருந்தால் போதும், புதிதாக வாங்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம். முதலில் தமிழில் எழுது, அதில் செய்கிறவர் யார், வினை எது என்று கோடு போடு, அப்புறம் இங்கிலீஷுக்குப் போ.

தீபாவளிக்கு மறுநாள் வருவதாக எழுதியிருக்கிறாய். வலங்கைமான் வெடி வாங்கி வைக்கிறேன், பேரனையும் கூட்டிக்கொண்டு வா. பஸ் ஏறும்போது போன் பண்ணு. வாசலிலேயே "டிட் யூ ஈட்?" என்று கேட்பேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடாதே, முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கமலா