மஞ்சள் வயர்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உனக்கு வேலை அதிகம் இருக்கும், போன் பண்ண நேரம் கிடைக்காது. அதைக் கேட்க எழுதவில்லை. கேசட் போடுகிற பழைய வீடியோ டெக்கைப் புது டிவியில் மாட்டுவதில் ஒரு சந்தேகம், அவ்வளவுதான். ராத்திரி கண் விழிக்காதே.

டெக்கின் பின்னால் படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்கு வெள்ளை, இரண்டு குழிதான். நம்முடையது மோனோ, சிவப்பு கிடையாது. டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ மூன்று இருக்கிறது, மஞ்சளைக் காணோம். சில டிவியில் பச்சைக் குழிக்குள்ளேயே மஞ்சளையும் சொருகலாமாம். இதில் அதுவும் இல்லை. நீ இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. யார் கேட்டாலும் என் மகன் இன்ஜினியர் என்றுதான் சொல்கிறேன். அந்த இன்ஜினியரின் அப்பன் அரை நாள் டிவிக்குப் பின்னால் டார்ச்சோடு குனிந்துகொண்டிருந்தான்.

சின்ன கன்வெர்ட்டர் பெட்டி ஒன்று வாங்கினேன். மாட்டினால் சிக்னல் இல்லை என்றே வருகிறது. கண்ணாடி போட்டுப் பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அது எச்டிஎம்ஐயை மஞ்சளுக்கு மாற்றுகிற பெட்டி. நமக்கு வேண்டியது மஞ்சளை எச்டிஎம்ஐக்கு மாற்றுவது. இரண்டும் ஒரே அளவு, ஒரே குழிகள். ஒரு பக்கம் போவது மறுபக்கம் திரும்பி வராது.

சரி, இரண்டாவது பெட்டி வாங்கினேன். அதுவும் வேலை செய்யவில்லை. அதற்குத் தனியாகக் கரண்ட் வேண்டுமாம், யூஎஸ்பி வயரை நான் சொருகவே இல்லை. சொருகினேன், படம் வந்தது. வந்த படத்தில் எல்லோரும் குண்டு. "நான் எப்போது இப்படி இருந்தேன்" என்று அம்மாவுக்குக் கோபம். கேசட் படம் நாலுக்கு மூன்று, டிவி பதினாறுக்கு ஒன்பது. டிவி அதை இழுத்து நிரப்பியிருக்கிறது. செட்டிங்கில் நாலுக்கு மூன்று வைத்ததும் அம்மா இளைத்துவிட்டாள். பெட்டியில் 720, 1080 என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. எதில் வைத்தாலும் தெளிவு கூடவில்லை. கேசட்டில் இருப்பதே கிட்டத்தட்ட 240 கோடுதான், அதற்கு மேல் எங்கிருந்து வரும்?

கேசட்டை எல்லாம் வெளிச்சத்தில் பார்த்துத்தான் போடுகிறேன். இரண்டில் டேப் ஓரமாக வெள்ளையாய்ப் பூஞ்சை இருந்தது, அவற்றைத் தள்ளி வைத்துவிட்டேன். போட்டால் டேப்பைப் படிக்கிற ஹெட்டிலும் ஒட்டிக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஹெட் போனால் நமக்கு வேறு டெக் ஏது? கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பெனிக்காரனே 2016-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டான்.

நீ ராத்திரி கண் விழிக்காதே, தம்பி. அன்று வாசலில் நான் பேசியதை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். நானும் யோசிக்காமல் இல்லை. அப்புறம், கேசட் பெட்டியில் அந்தக் கேசட்டும் இருந்தது.

அம்மா கையெழுத்தில் 'ஆண்டு விழா' என்று எழுதியது. முதுகில் முனை உடைத்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது, பழுத்துப் போய். முனை உடைந்த கேசட்டில் ரெக்கார்டு ஆகாது, ஓட்டையை மூடினால் ஆகும். உனக்கு இது ஒன்பது வயதிலேயே தெரிந்திருந்தது. "அம்மா முனையை உடைச்சாச்சுப்பா, ரெக்கார்டு அமுக்கினாலும் டெக் கேசட்டை வெளியே தள்ளிடும்ப்பா" என்று அழுதுகொண்டே சொன்னாய். சரியாகத்தான் சொன்னாய்.

செல்லோடேப் ஒட்டியது நான். அன்று ராத்திரி மேட்ச், வீட்டில் காலி கேசட் இல்லை. கடைசியில் கொஞ்சம் இடம் இருக்கும் என்று நினைத்து, சரியாகப் பார்க்காமல் அமுக்கிவிட்டேன். மறுநாள் அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, யார் என்று கேட்டாள். நீ டெக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததோடு போகவில்லை, உன்னை அடித்தேன். அதற்கு அப்புறம் எத்தனை நாள் நீ டெக்கைத் தொடவே இல்லை. நான்தான் கேசட் மாற்றுவேன், நீ தள்ளி உட்கார்ந்து பார்ப்பாய். நேற்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. காலையிலும் பேசவில்லை.

முழுவதும் அழியவில்லை, தம்பி. ஆரம்பத்தில் நாற்பது வினாடி இருக்கிறது. நீ மேடைக்கு வந்து, மைக் எட்டாமல் எக்கி, எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறாய். உடனே மேட்ச் வந்துவிடுகிறது. நான்கு தடவை பார்த்தேன், ஐந்தாவது தடவை ரீவைண்ட் பண்ணும்போது பெல்ட் வழுக்குகிற சத்தம் கேட்டது. டேப்பை இழுத்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். கேசட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, எஜெக்ட் கூட அமுக்கவில்லை.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட யூஎஸ்பி கேப்சர் என்று ஏதோ உண்டாமே. பெல்ட்டை முதலில் மாற்ற வேண்டுமா, இல்லை இப்படியே ஒரு தடவை ஓட்டி ஏற்றிவிடலாமா? எழுதினால் எனக்குப் புரியாது. போனில் ஒவ்வொன்றாகச் சொல்லு, நான் டிவி பக்கத்தில் நின்றுகொண்டே கேட்கிறேன்.

அப்பா