சுட்டவரின் பெயர்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி காலை நடை போக ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பொடி எழுத்தைக்கூடத் தடுமாறாமல் படிக்கிறேன். பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டதால் பகலில் வீடு அமைதியாக இருக்கிறது. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கடமையின்போது ஒருவரைச் சுட நேர்ந்த போலீஸ்காரரின் பெயரை ஊரறியச் சொல்வது என்ன நியாயம், போலீஸில் இருக்கும் உன் மகள் கயலுக்கு நாளைக்கு அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அவள் சீருடையில் நிற்கும் படத்தை நீ அனுப்பியபோது நானும் அதை எத்தனை பேரிடம் காட்டினேன் என்று உனக்குத் தெரியும். அதனால் இதற்கு மேலோட்டமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. பெயர் வெளியே வரத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். அன்றிரவே வர வேண்டும் என்று சொல்லவில்லை. சில நாட்களுக்குள், துறையே தன் வாயால் சொல்ல வேண்டும். கயல் மேல் உள்ள பாசத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பத்திரிகை மேசையில் நான் இருந்த வருஷங்களில் இந்த மாதிரிச் செய்திகள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இறந்தவரின் பெயர், வயது, தகப்பனார் பெயர், குடியிருந்த தெரு, அவர் மேல் நிலுவையில் இருந்த வழக்குகள் எல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிடும். சுட்டது யார் என்று தேடினால் 'போலீஸார்' என்று மட்டும் இருக்கும். இறந்தவருக்குக் குடும்பம் இல்லையா? அவருடைய பிள்ளைகளும் மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டாமா? அந்தத் தெருவில் அந்த அம்மா எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று யாரும் கேட்பதில்லை. தன் பக்கத்தைச் சொல்ல உயிரோடு இல்லாதவரின் விவரம் முழுவதும் பொதுச்சொத்து, உயிரோடு இருப்பவரின் பெயர் ரகசியம். இந்த ஏற்பாட்டை என்னால் ஒருநாளும் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை.

பெயர் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2014 நவம்பர் 22 அன்று தமீர் ரைஸ் என்ற 12 வயதுப் பையன் ஒரு பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்தான். போலீஸ் வண்டி வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் அவனைச் சுட்டுவிட்டார்கள். மறுநாள் அவன் இறந்துபோனான். சுட்டவர் டிமோதி லோமன் என்று சில நாட்களில் துறை அறிவித்தது. பெயர் கிடைத்ததும் நிருபர்கள் அவர் முன்பு எங்கே வேலை பார்த்தார் என்று தேடினார்கள். 2012-ல் இண்டிபெண்டன்ஸ் என்ற சிறிய ஊரின் போலீஸில் சில மாதங்கள் இருந்திருக்கிறார். துப்பாக்கிப் பயிற்சியின்போது மனம் நிலைகுலைந்து நின்றார், இந்த வேலைக்கு இவர் ஒத்துவர மாட்டார் என்று அங்கிருந்த மேலதிகாரி எழுதிய குறிப்பு அந்தக் கோப்பில் இருந்தது. அவரை வேலைக்கு எடுத்த கிளீவ்லாந்து நகரம் அந்தக் கோப்பை வாங்கிப் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததையும் கேள். 2015 டிசம்பரில் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, அவர் மேல் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. 2017-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பையனைச் சுட்டதற்காக நீக்கவில்லை, வேலைக்கான விண்ணப்பத்தில் உண்மையை மறைத்ததற்காக நீக்கினார்கள். 2022-ல் பென்சில்வேனியாவில் டியோகா என்ற சின்ன ஊர் அவரைப் போலீஸ்காரராக எடுத்துக்கொண்டது. பெயரைப் பார்த்த மக்கள் யார் இவர் என்று தெரிந்து எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே அவர் விலகிக்கொண்டார். பெயர் என்ற அந்த நூல்முனை மட்டும் கையில் இல்லாதிருந்தால் இதில் எது வெளியே வந்திருக்கும்? அந்தக் கோப்பு இன்னும் ஏதோ ஓர் அலமாரியில்தான் கிடந்திருக்கும். சட்டம் தண்டிக்காத இடத்தில்கூட, இவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது யார், எப்படிக் கொடுத்தார்கள் என்ற கேள்வியை ஊர் கேட்க முடிந்தது. சுட்ட நொடியைப் பற்றிய விசாரணை பெரும்பாலும் அந்த நொடிக்குள்ளேயே நின்றுவிடும். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், முன்பு வந்த புகாரை மூடி வைத்தவர்கள் இவர்களிடமெல்லாம் போய்ச் சேர வேண்டுமானால் பெயர் வேண்டும்.

உன் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ குறிப்பிட்ட லண்டன் வழக்கை நானும் கவனித்து வந்தேன். 2022 செப்டம்பர் 5 அன்று தெற்கு லண்டனில் கிறிஸ் காபா என்ற 24 வயது இளைஞர் காருக்குள் இருந்தபோது ஒரு போலீஸ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அதிகாரியை நெடுநாள் ஒரு குறியீட்டால் மட்டுமே அழைத்தார்கள். 2023 செப்டம்பரில் அவர் மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டதும் ஆயுதப் பிரிவுப் போலீஸார் பலர் இனித் துப்பாக்கி எடுக்க மாட்டோம் என்று ஒதுங்க, ராணுவத்தைத் தயாராக வைத்திருக்கும்படி கேட்கிற அளவுக்குப் போனது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் பெயரை வெளியிட அனுமதித்தது. அந்த வருஷம் அக்டோபரில் ஜூரி மூன்று மணி நேரம் போல ஆலோசித்து அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அதற்குள் அவர் தலைக்கு ஒரு கும்பல் பணம் அறிவித்திருந்ததாகச் செய்தி வந்தது. இரண்டு நாளில் அரசாங்கம், இனிமேல் இப்படி வழக்கைச் சந்திக்கும் ஆயுதப் போலீஸாரின் பெயர் குற்றம் நிரூபணமாகும் வரை பொதுவாக வெளியிடப்படாது என்று அறிவித்தது.

அந்த அதிகாரியின் வீட்டாருடைய நிலையை நினைத்தால் எனக்கும் மனம் கனக்கிறது. அப்படி மிரட்டல் இருந்தால் நிச்சயம் மறைக்கலாம். ஆனால் எல்லோருக்கும், எல்லா வழக்குக்கும், தண்டனை கிடைக்கும் வரை என்பது ரொம்ப தூரம் போய்விடுகிறது. இந்த வழக்குகளில் தண்டனை எத்தனை அபூர்வம் என்று உனக்கே தெரியும். ஆக நடைமுறையில் அது ஒருபோதும் இல்லை என்றுதான் ஆகும்.

கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் சொன்ன தீர்ப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. லாங் பீச் நகரில் 2010 டிசம்பரில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் முனையைக் கையில் வைத்திருந்த ஒருவரை, அது துப்பாக்கி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். சுட்டவர்களின் பெயரைப் பத்திரிகை கேட்டது, போலீஸ் சங்கம் கொடுக்கக் கூடாது என்று வழக்குப் போட்டது. பொதுவாக ஆபத்து வரலாம் என்று சொன்னால் போதாது, இந்த அதிகாரிக்கு இன்ன மிரட்டல் இருக்கிறது என்று குறிப்பாகக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். பெயர் சொல்வது விதி, மறைப்பது விலக்கு. மறைக்க நினைப்பவர் காரணம் காட்ட வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் 2015-ல் 72 மணி நேரத்துக்குள் பெயரை அறிவிப்பது என்று விதி வகுத்தார்கள், அங்கும் மிரட்டல் இருந்தால் நிறுத்தி வைக்கலாம்.

அந்த மூன்று நாள் கெடு நியாயமானது. முதலில் வீட்டாரைப் பத்திரமாக வேறிடம் அனுப்பலாம், அந்த அதிகாரிக்கு மனநல உதவி தரலாம், சாட்சிகளை விசாரிக்கலாம். அதற்கு மேல் தாமதித்தால் வதந்தி முந்திக்கொள்கிறது. அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர் போலீஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார், 15-ஆம் தேதிதான் சுட்டவரின் பெயர் வந்தது. இடைப்பட்ட நாட்களில் ஓர் இணையக் கும்பல் இவர்தான் சுட்டவர் என்று ஒருவரின் பெயரைப் பரப்பியது. அந்த மனிதர் அந்த ஊர்ப் போலீஸ்காரரே இல்லை! ஒன்றுமே செய்யாத ஒருவரின் வீட்டுக்கு மிரட்டல் போகும் வழியைத் துறையின் மௌனம்தான் திறந்துவிட்டது. பெயரை அறிவித்த அதே நேரத்தில் இறந்த பையன் கடையில் திருடியதாக ஒரு வீடியோவையும் வெளியிட்டார்கள். இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பெயரைச் சொல்லும்போது நடந்ததைச் சொல்லுங்கள், செத்தவரைக் கறுப்படிக்காதீர்கள்.

வாஷிங்டனில் 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கலவரத்தில், அவர்களில் ஒருவரான ஆஷ்லி பாபிட் என்ற பெண்ணைச் சுட்டுக் கொன்ற போலீஸ் அதிகாரியின் பெயர் ஏழு மாதத்துக்கு மேல் சொல்லப்படவில்லை. அங்கும் வேறொரு அதிகாரியின் பெயர் தவறாகப் பரவியது. கடைசியில் மைக்கேல் பைர்ட் என்ற அந்த அதிகாரியே ஆகஸ்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, நான்தான் சுட்டேன், இன்ன காரணத்துக்காகச் சுட்டேன் என்று பேசினார். அந்த வழக்கில், எப்போதும் போலீஸ் பக்கம் நிற்பவர்கள்தான் பெயரைச் சொல் என்று சத்தம் போட்டார்கள், எப்போதும் பெயர் கேட்பவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதனால்தான் யார் யாரைச் சுட்டார் என்று பார்க்காத ஒரே விதி வேண்டும் என்கிறேன்.

நம் நாட்டில் இன்னொரு விதமான கோணல். ஹைதராபாத் அருகே 2019 டிசம்பர் 6 அன்று, பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நால்வர் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டபோது மக்கள் போலீஸார் மேல் பூத் தூவினார்கள். உயர் அதிகாரியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். அப்போது பெயரால் யாருக்கும் ஆபத்து வரும் என்று ஒருவரும் கவலைப்படவில்லை. 2022 மே மாதம் வெளியான சிர்புர்கர் ஆணைய அறிக்கை, போலீஸ் சொன்ன கதை ஜோடனை என்றும், 10 போலீஸாரைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. என்கவுன்ட்டர் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருக்கிறது. மாலை விழும்போது முன்னால் வருகிற பெயர், கேள்வி வரும்போது மட்டும் ஏன் பின்னால் போகிறது? தூத்துக்குடியில் 13 பேர் இறந்த 2018 துப்பாக்கிச் சூட்டில் எந்தக் காவலர் எங்கிருந்து சுட்டார் என்ற விவரம் அதிகாரபூர்வமாக மக்கள் கைக்கு வர 2022 அக்டோபர் வரை, அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருப்பு என்றதும் வட அயர்லாந்தின் டெரி நகரத்துக் குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன. 1972 ஜனவரி 30 அன்று அங்கே ஊர்வலம் போனவர்கள் மேல் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். அது ராணுவம், போலீஸ் இல்லை என்பாய், சரிதான். ஆனால் 53 வருஷம் கழித்து ஒருவர்மேல் வழக்கு விசாரணைக்கு வந்தபோதும் அவருக்கு 'சோல்ஜர் எஃப்' என்ற குறியீட்டுப் பெயர் மட்டும்தான். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். 2025 அக்டோபரில் விடுதலையும் ஆனார். சாட்சியம் போதவில்லை என்றால் விடுவிப்பதுதான் சட்டம், அதில் எனக்குத் தகராறு இல்லை. தன் அண்ணனை, அப்பாவைப் பறிகொடுத்து முதுமை அடைந்தவர்களுக்கு, குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்கக்கூட உரிமை இல்லை என்பதுதான் என் மனதை அறுக்கிறது.

நீ சொன்னதில் ஒன்றை முழுக்க ஏற்கிறேன். பெயரைச் சொல்வது வேறு, வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் படம் இதையெல்லாம் பரப்புவது வேறு. இரண்டாவதைச் செய்பவர்களைச் சட்டம் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். பெயர் வந்தவுடனே குற்றவாளி என்று எழுதுகிற பத்திரிகைகளையும் கேட்க வேண்டும். டாக்டர் பெயர் மருந்துச் சீட்டில் இருக்கிறது, நீதிபதி பெயர் தீர்ப்பில் இருக்கிறது, அதனால் அவர்கள் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஓர் உயிரை எடுக்கும் அதிகாரத்தை நாம் நம் பெயரால் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறோம் என்றால், அதை யார் பயன்படுத்தினார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு வேண்டும்.

கயலிடம் ஒன்று கேட்டு எழுது. பயிற்சியில், ஒருவேளை சுட நேர்ந்தால் அடுத்த 24 மணி நேரத்தில் தன் வாக்குமூலத்தை யார், எப்படி வாங்குவார்கள், தனக்கு யார் துணை இருப்பார்கள் என்று சொல்லித் தந்திருக்கிறார்களா? அந்த ஏற்பாடு நன்றாக இருந்தால் பெயர் வெளியே வந்தாலும் அவள் தனியாக நிற்க வேண்டியிருக்காது. இந்தக் கடிதத்தையே அவளிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். மாமா தப்பாகச் சொல்கிறார் என்று அவளுக்குப் பட்டால், அவளே எனக்கு எழுதட்டும்.

காலை நடையில் மேடான பாதையை இப்போதைக்கு விட்டுவிடு. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரகு