அந்த பேஸ் யார் வாசித்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாட்டின் அடிச் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடாரில் பெயர்பெற்ற அமெரிக்கக் கலைஞர் கேரல் கே பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பவரைப் பற்றி நான்கு பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கூடவே போட்ட பெட்டிச் செய்தி இடிக்கிறது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்கும் பேஸ் அவர்தான் என்று முடிந்த விஷயம் போல எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்படிச் சொல்லிவந்திருக்கிறார் என்பது உண்மை. மோட்டவுன் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. அந்தப் பாடல்களில் கேட்பது மோட்டவுனின் சொந்த ஊரான டெட்ராய்ட்டில் இருந்த பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் விரல் என்பது அவர்கள் முடிவு.

குழப்பம் வரக் காரணம் இருக்கிறது. மோட்டவுன் அறுபதுகளிலேயே கேரல் கே வாசித்துவந்த லாஸ் ஏஞ்சலஸிலும் ஒலிப்பதிவு நடத்தியது. இசைத்தட்டு உறையிலோ வாசித்தவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் 1971 ஆல்பத்தில்தான் ஜேமர்சன் பெயர் உறையில் ஏறியது. அதுவரை வாசித்ததெல்லாம் ஊர் பேர் தெரியாமல் போனவை.

உறையில் பெயர் இல்லையென்றால் எதை வைத்துச் சொல்வது? முதலில் பார்க்க வேண்டியது இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப் படிவம். தேதி, ஸ்டுடியோ, யார் யார் வந்தார்கள், எத்தனை மணி நேரம், என்ன பாட்டு என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கே ஒரு கால்ஷீட் மூன்று மணி நேரம். அதற்குள் அதிகபட்சம் 15 நிமிட இசைதான் பதிவாகலாம். கூலிக் கணக்கே இந்தத் தாளை வைத்துத்தான் என்பதால் பொய் எழுதுவது கடினம். ஓட்டை இல்லாமலும் இல்லை. பதிவின்போது பாட்டுக்கு வேறு தலைப்பு இருந்திருக்கலாம். சங்கத்துக்குத் தெரியாமல் நடந்த பதிவுக்குப் படிவமே இருக்காது.

அடுத்தது காது. இருவர் கையிலும் இருந்தது ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ்தான், இருவரும் போட்டது மேற்பரப்பு வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிதான் (flatwound) என்றாலும் சத்தம் ஒன்றல்ல. ஜேமர்சன், நிற்க வைத்து வாசிக்கும் பெரிய கான்ட்ராபாஸிலிருந்து வந்தவர். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். அவரது 1962 மாடல் பேஸில் கனத்த லா பெல்லா கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் (கிடார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) மூடிக்கு உள்ளே கம்பிக்கு அடியில் ஸ்பாஞ்ச். சுரம் தொடங்கும் இடம் மெத்தென்றிருக்கும். திறந்த கம்பிகளை (இடது விரல் அழுத்தாத கம்பிகளை) தாராளமாகக் கலந்து ஓடுவார்.

கேரல் கே ஜாஸ் கிடாரிலிருந்து வந்தவர், பிக்கால் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வாசிப்பவர். கம்பளி இழையை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணியை இரண்டாக மடித்து, பிரிட்ஜ் ஓரமாகக் கம்பிகளுக்கு மேலே படுக்க வைத்து டேப்பால் ஒட்டிவிடுவார். கம்பியின் தேவையில்லாத அதிர்வு அடங்கி, மைக் முன் சுரம் தனித்தனியாக நிற்கும். செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது துணியின் இடம். பிரிட்ஜை விட்டு நகர்ந்து உள்ளே வந்தால் சுரம் செத்துவிடும், வெறும் தட்டல்தான் மிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தி ஒட்டினால் தடித்த ஈ கம்பி ஒரு மாதிரியும் மெல்லிய ஜி கம்பி வேறு மாதிரியும் பேசும். பிக் கெட்டியானதாக இருக்க வேண்டும். மெல்லிய பிக் வளைந்து கொடுப்பதால் சுரத்துக்கு முன்னால் ஒரு 'டிக்' தனியாக வந்து நிற்கும். கீழ் வீச்சும் மேல் வீச்சும் ஒரே கனத்தில் விழ வேண்டும். பழகாத கையில் மேல் வீச்சு மெலிந்துவிடும். அது ரெக்கார்டிங்கில் நொண்டுவது போலக் கேட்கும்.

இந்தப் பிக் வாசிப்புக்கு அந்தக் காலத்தில் இவ்வளவு கிராக்கி ஏன்? ஈ கம்பியின் அடிச் சுரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கர் அதைக் காட்டாது. பிக்கின் தாக்கம் மேல் அலைவரிசையில் இருப்பதால் அதுதான் காதுக்கு எட்டும். ஆகவே ஆழத்துக்கு ஒரு கான்ட்ராபாஸ், 'டிக் டிக்' ஓசைக்கு டேனலெக்ட்ரோ நிறுவனத்தின் ஆறு கம்பி பேஸ், நடுவில் ஒரு ஃபெண்டர் என்று ஒரே வரியை மூன்று பேர் வாசிப்பதும் உண்டு. ஒரே பிக்கில் மூன்றையும் ஓரளவுக்குத் தர முடியும் என்று கேரல் கே காட்டினார். தயாரிப்பாளர் ஏன் கூப்பிட மாட்டார்!

அவர் பேஸுக்கு வந்ததே எதிர்பாராமல்தான். 1935-இல் வாஷிங்டன் மாநிலம் எவரெட்டில் பிறந்து, கலிபோர்னியாவில் பதின்வயதிலேயே கிடார் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, கிளப்புகளில் பீபாப் வகை ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். 1957-இல் பாடகர் சாம் குக்கின் பதிவுக்கு அழைப்பு. அடுத்த ஆண்டு ரிச்சி வேலன்ஸின் 'லா பம்பா'வில் ரிதம் கிடார். 1963-இல் ஹாலிவுட் கேப்பிடல் ஸ்டுடியோவில் வர வேண்டிய பேஸ்காரர் வரவில்லை. கையில் பேஸைக் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஆறு ஆண்டு ஸ்டுடியோ அனுபவம், நொட்டேஷனைப் பார்த்ததும் வாசிக்கும் திறமை. வாத்தியம்தான் புதிது.

கட்டுரையாளர் அவரை 'பீச் பாய்ஸின் பேஸ் வரிகளை உருவாக்கியவர்' என்கிறார். அதுவும் சரியில்லை. அந்த இசைக்குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) ஆல்பத்தின் பேஸ் வரிகள் குழுவைச் சேர்ந்த பிரையன் வில்சனுடையவை. கேரல் கே அவற்றை எழுதியபடி வாசித்தார். அதே ஆல்பத்தில் லைல் ரிட்ஸ் போன்ற வேறு பேஸ் கலைஞர்களும் உண்டு. கேரல் கே தானாகவே உருவாக்கியதற்கு உதாரணம் வேண்டுமென்றால் சோனி அண்ட் ஷெரின் 'தி பீட் கோஸ் ஆன்' (1967). கிட்டத்தட்ட ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) நிற்கும் பாட்டு அது. அந்த பேஸ் வரியை எடுத்துவிட்டால் பாட்டில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கிளென் கேம்ப்பெல்லின் 'விச்சிட்டா லைன்மேன்' (1968) தொடக்கத்தில் இறங்கி வரும் பேஸும் அவருடையது. அந்தப் பாட்டின் நடுவே கேம்ப்பெல் வாசிக்கும் சோலோ, கேரல் கேயின் டேனலெக்ட்ரோ பேஸை இரவல் வாங்கி வாசித்ததே. பாப் இசையோடு நிற்காமல் இசையமைப்பாளர்கள் லாலோ ஷிஃப்ரின், குவின்சி ஜோன்ஸ் ஆகியோரின் படம், தொலைக்காட்சி இசைக்கும் போனார். 5/4 தாளத்தில் (சுற்றுக்கு ஐந்து எண்ணிக்கை) ஓடும் 'மிஷன் இம்பாசிபிள்' பேஸை வீட்டில் முயன்று பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். 1969 முதல் பேஸ் பாடப் புத்தகங்களும் எழுதினார்.

இன்னொன்று. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் வாசித்த அந்தக் கலைஞர்களின் கூட்டத்தை 'ரெக்கிங் க்ரூ' என்றே கட்டுரை முழுக்க எழுதியிருக்கிறீர்கள். டிரம்மர் ஹால் பிளேய்ன் 1990-இல் வெளியிட்ட தன்வரலாற்றின் வழியாகப் பரவிய பெயர் அது. அறுபதுகளில் தங்களை யாரும் அப்படி அழைத்ததில்லை என்று கேரல் கே தொடர்ந்து மறுத்துவந்திருக்கிறார். 2025-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்தை ஏற்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் இந்தப் பெயரும் ஒன்று.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதானால், மோட்டவுன் வரியை எடுத்துவிட்டு 'லா பம்பா'வையும் 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டையும் சேர்த்துவிடுங்கள். பட்டியல் சின்னதாகிவிடாது.

இப்படிக்கு,
கிடார் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.